அழிக்க அதிகாரமுள்ள பதினான்கு பேர்

வில்லியனூர் கடைத்தெருவில் விதை நெல் விற்கும் ஒரு குடும்பத்தாரிடம் ஸ்டெல்லா பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஊர் ஒதியம்பட்டு, வயது நாற்பத்தாறு. அவள் வேலைக்கு என்ன பெயர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது. சம்பளப் பட்டியலில் டைப்பிஸ்ட். கடையில் கம்ப்யூட்டர் மேடம். கணவர் சேவியர் கேட்பவர்களிடம் "ஆபீஸ்ல இருக்குது" என்று முடித்துக்கொள்வார். உண்மையில் அவள் பார்ப்பது டேட்டாபேஸ் நிர்வாகம். மூன்று கடைகளில் எந்த விதை மூட்டை, எந்தத் தேதியில், எந்த விவசாயியிடம் போனது என்ற விவரமெல்லாம் வில்லியனூர் கடையின் பின்னறையில் ஒரு கணினிக்குள் அட்டவணை அட்டவணையாக இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது அவள் வேலை. இதைச் சொல்லி விளக்குவதற்குள் கேட்டவர் பஸ் ஏறிவிடுவார் என்பதால் அவளும் விளக்குவதை விட்டுவிட்டாள்.

அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஸ்டெல்லா பன்னிரண்டாவது முடித்து, தட்டச்சு கற்று, ஒரு வருட கம்ப்யூட்டர் படிப்பும் படித்து, பில் அடிக்கச் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் வருடம் அவள் வாழ்க்கையின் மிக முக்கியமான சம்பவம் நடந்தது. யாருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம், காலியான அட்டவணை என்று நினைத்து, காலியில்லாத ஒன்றை ஒரே கட்டளையில் இல்லாமல் செய்துவிட்டாள். இயந்திரம் திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. "சரி, முடிந்தது" என்று ஒரு வரி சொன்னது. அவ்வளவுதான். பழைய பில் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி பதினோரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள். அந்தப் பதினோரு நாளும் "மேடம் ரொம்ப கஷ்டப்பட்டு வேல செய்யுது" என்று முதலாளி எல்லோரிடமும் பாராட்டினார்.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பழக்கம். தினமும் மாலையில் எல்லாவற்றுக்கும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் பெட்டியில் நகல் எடுத்து, அதைப் பாலித்தீன் பையில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். இன்னொன்று, கணினிக்குள் நுழையத் தனக்கே இரண்டு பெயர் வைத்துக்கொண்டாள். தினசரி வேலைக்கு அதிகாரம் குறைந்த ஒரு பெயர். எதையும் அழிக்கவல்ல பெரிய பெயரை அவசியமானால்தான் எடுப்பாள்.

"ஒனக்கு நீயே பூட்டு போட்டுக்கினு, ஒங்கிட்டயே சாவி கேட்டுக்கினு… இன்னாடி வேல இது?" என்பார் சேவியர்.

"ஒரு தடவ என்ன நானே பாத்துட்டேன்யா. அப்பறம் எப்பிடி நம்புறது?" என்பாள் அவள்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பாகூர்ப் பக்கத்திலிருந்து மகாலட்சுமி என்ற விவசாயி, ஈரத்துணியில் கட்டிய ஒரு பிடி நெல்லோடு வில்லியனூர் கடைக்கே வந்துவிட்டாள். நவரைப் பட்டத்துக்கு வாங்கிய விதை. நாற்றங்காலில் பாதிகூட முளைக்கவில்லை.

"இது வெதையா, இல்ல கொழம்புக்குப் போடுற பயிறா? பயிறா இருந்தாலும் மொளச்சிருக்குமே!" என்று கல்லாவில் கொட்டினாள்.

முதலாளி சண்முகசுந்தரம் நேர்மையானவர். மூட்டைக்கு மூட்டை மாற்றித் தந்தார். அதே சிப்பத்திலிருந்து வேறு யார் யாருக்கு விதை போனது என்று பார்த்து, அவர்கள் வந்து சத்தம் போடுவதற்கு முன் நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்றார். ஸ்டெல்லா திறந்து பார்த்தாள். பாகூர்க் கடையின் பதிவு ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளைக் காணோம்.

காணாமல் போனவற்றை அன்று மதியமே பழைய நகலிலிருந்து மீட்டுவிட்டாள். விவசாயிகளுக்குப் போன் போனது, மூட்டைகள் மாறின. விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் பொருள் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. திருடனும் கிடைக்க வேண்டும்.

அழிந்தது போகியன்று காலை ஒன்பதரைக்கு, பாகூர்க் கடைக் கணினியிலிருந்து. இவ்வளவு தெரிந்தது. யார் பெயரில் அழிந்தது என்று எழுதிவைக்கும் வசதி இருந்தது. "அதப் போட்டா பில்லு லேட்டா வருது" என்று முதலாளியே இரண்டு வருடத்துக்கு முன் அதை அணைக்கச் சொல்லிவிட்டார்.

பாகூர்க் கடையைப் பார்த்துக்கொள்வது அய்யனார். முப்பத்தெட்டு வயது. கடை திறப்பதும் அவன், சாத்துவதும் அவன். கெட்ட விதை போனதை மறைக்க அவன்தான் அழித்தான் என்று முதலாளி ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் நாலே முக்கால் நிமிடத்தை எடுத்துக்கொண்டது டிரைவர் செல்லப்பன்.

"மொதலாளி, நான் சொல்லக் கூடாதுதான். மார்கழிக்கு முன்னாடி காட்டேரிக்குப்பத்துல அய்யனார் மாமியார் வூட்டுல காதணி விழா. நானும் போயிருந்தேன். பந்தியில எம் பக்கத்துல ஒக்காந்துக்கினு அவன் சகலைகிட்ட சொல்றான்: 'நான் நெனச்சா ஒரு தட்டு. ஒரே தட்டு. மொத்தக் கம்பெனியும் அம்பேல்.' எங் காதால கேட்டேன். சத்தியமா."

"அப்பிடியா சொன்னான்?"

"பாயசம் ஊத்தும்போது சொன்னான், மொதலாளி."

பாயசம் வந்த பிறகு சாட்சியை யார் சந்தேகிக்க முடியும்? அய்யனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் பண்ணல மொதலாளி" என்று மட்டும் சொன்னான். எப்படிப் பண்ணவில்லை, ஏன் பண்ணவில்லை, ஒன்றும் இல்லை. குற்றவாளிக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? திங்கட்கிழமை பாகூருக்கு வேறு ஆள் என்று முடிவானது. அன்று வியாழன்.

"ஸ்டெல்லாம்மா, எதுக்கும் ஒரு பேப்பர் இருக்கணும். நாளைக்கு யூனியன் கீனியன்னு வருவான். அழிக்கிற பவரு யாரார்கிட்ட இருக்குது, ஒரு லிஸ்ட் எடு. அவன் பேரு இருக்குமில்ல, அதுல சிவப்பு மை போட்டுக்கலாம்" என்றார் முதலாளி.

பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்து, பெரிய பெயரில் உள்ளே போய், ஒவ்வொரு பெயராக இயந்திரத்திடம் கேட்டாள். இவர் என்ன என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு அது முகதாட்சண்யம் பார்க்காமல் பதில் சொல்லும்.

அழிப்பதிலும் தரம் உண்டு. டெலீட் என்றால் அட்டவணையில் சில வரிகளை எடுப்பது. டிராப் என்றால் அட்டவணையையே இல்லாமல் செய்வது, ஸ்டெல்லா ஒருமுறை செய்தது போல. இரண்டையும்விட ஆபத்தானது, தன்னிடம் உள்ள அதிகாரத்தைப் பிறருக்கும் எடுத்துக் கொடுக்கும் அதிகாரம். அது வந்துவிட்டால் பட்டியல் தானே குட்டி போடும்.

பதினான்கு பெயர்கள் வந்தன. பதினான்கு பேருக்கும் எல்லாமே இருந்தது.

இது எப்படி வந்தது என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அவள் விரல்தான் அடித்தது. ஆறு வருடத்துக்கு முன் விஜயதசமியன்று புதிய மென்பொருளுக்குப் பூசை போட்டு, முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் ஏற்றினாள். "அப்பா பேர மொதல்ல போடு." போட்டாள். "தம்பிங்க ரெண்டு பேரு." போட்டாள். "என்ன குடுக்கட்டும் மொதலாளி?" என்று கேட்டதற்கு, "நம்ம வூட்டு மனுசங்களுக்கு அளந்தா குடுப்பாங்க? முழுசா குடு" என்றார். முதலாளியின் மனைவி வள்ளியம்மைக்கு முழுசாக. அந்த அம்மாள் கணினியைத் தொட்டது, பூசையன்று குங்குமம் வைத்தபோது மட்டும்தான். மகன் கணேஷ்குமார் துபாயில் இருக்கிறான், இருந்தாலும் முழுசாக. அவனுக்குக் கல்யாணமாகி மருமகள் கீதாஞ்சலி வந்து மறுவீடு முடிந்த வாரமே அவள் பெயரும் ஏறியது. தங்கை மாப்பிள்ளையை விட்டுவிட்டால் தங்கை இரண்டு வருடம் பேச மாட்டாள் என்று அவருக்கும் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வில்லியனூரிலும் திருக்கனூரிலும் கடை பார்ப்பவர்கள் பத்து வருட விசுவாசத்துக்காகச் சேர்ந்தார்கள். மென்பொருள் போட்டுக்கொடுத்த பையன் கனடா போய்விட்டான், அதிகாரம் இங்கேயே இருக்கிறது. 'டெஸ்ட்' என்று ஒரு பெயர். அது யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதற்கும் முழுசு. முதலாளி. ஸ்டெல்லா. அப்புறம், பெரியவரின் காரை இருபது வருடம் ஓட்டியவன் என்ற கௌரவத்துக்காக, டிரைவர் செல்லப்பன்.

கோயிலில் பரிவட்டம் கட்டுவது போலக் கட்டியிருக்கிறார்கள். பரிவட்டத்தால் யாரும் எதையும் அழித்துவிட முடியாது என்பதுதான் ஒரே வித்தியாசம்.

பட்டியலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தாள். அய்யனார் பெயர் இல்லை. தனியாக அவன் பெயரைப் போட்டுக் கேட்டாள். பார்க்கலாம், புதிதாகச் சேர்க்கலாம். அவ்வளவுதான். விஜயதசமி சமயத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "அவனுக்கு அப்பறமா பாத்துக்கலாம்" என்று முதலாளி சொன்னதும், அந்த அப்புறம் வராமலே போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. ஆறு வருடமாக, பில்லில் ஏதாவது தப்பாகிவிட்டால் அய்யனார் போன் போடுவான். "யக்கா, இங்க செம கூட்டம். நீங்களே அந்த வரிய எடுத்துடுங்களேன்." சோம்பேறி என்றே நினைத்திருந்தாள். அவன் திரையில் அழிக்கும் பட்டனே கிடையாது.

மதியம் இரண்டு பஸ் மாறி பாகூர் போனாள்.

"நீ ஏன்டா நேத்து வாயத் தொறக்கல? எனக்கு அந்தப் பவரே இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது!"

அய்யனார் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"மெதுவாக்கா. மெதுவா."

"இன்னா மெதுவா? திங்கக்கெழம ஒன் வேல போவுதுடா."

"வேல போனா, கெட்ட வெதைய மறைக்க கம்ப்யூட்டர்ல கைய வெச்சான்னு பேசுவாங்க. அதுலயும் ஒரு கெத்து கீது. இவன் கையில அவ்ளோ பவர் இருந்துச்சுடான்னு ஒரு பயம் இருக்கும். பவரே இல்லன்னு தெரிஞ்சா?" அவன் குரல் இறங்கியது. "மாமியார் வூட்டுல என்ன பிராஞ்ச் மேனேஜர்னு சொல்லி வெச்சிருக்கேன். சகலை டவுன்ல கம்பெனியில கீறான், கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கினு வருவான். அவன்கிட்டதான் அப்பிடி சொன்னேன். அந்த டிரைவரு தின்னுட்டுப் போவாம காதையும் தொறந்து வெச்சிக்கினு…"

"அந்த டிரைவருக்கு பவர் இருக்குது, தெரியுமா?"

சொல்லியிருக்கக் கூடாது. அய்யனார் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். விதை விஷயத்தில் அவன் முகம் அப்படி ஆகவில்லை, வேலை போகும் என்றபோதும் ஆகவில்லை.

"செல்லப்பனுக்கா?"

ஸ்டெல்லா தலையாட்டினாள்.

"வண்டி ஓட்றவனுக்கு குடுத்துட்டு, கடைய ஓட்றவனுக்கு குடுக்கலியா? யக்கா, ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். எனக்கு பவர் இல்லன்னு ஒன் வாயால யார்கிட்டயும் சொல்லாத. வேல போனா போவட்டும்."

"போவட்டுமா? ஒம் பொண்ணு பீஸு யாரு கட்டுவா? ஒஞ் சகலையா?"

அய்யனார் எழுந்து ஷட்டரை மறுபடி ஏற்றினான். புறப்படும் முன் ஸ்டெல்லா அந்தக் கணினியில் ஒன்றைப் பார்த்துக்கொண்டாள். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற வருகைப் பட்டியல். போகியன்று காலை இரண்டு பெயர்கள். எட்டேமுக்காலுக்கு அய்யனார். ஒன்பது இருபதுக்குப் பெரியவர்.

பெரியவர் என்பது முதலாளியின் அப்பா. காலமாகி நான்கு வருடம் ஆகிறது.

திரும்பும் பஸ்ஸில் அவள் யோசித்ததெல்லாம் இதுதான். ஒரு மனிதனிடம் எது இல்லையோ அதுதான் அவனைக் காப்பாற்றும். அவன் அதை மறைக்க வேலையையே கொடுக்கத் தயாராக இருக்கிறான். எது இருக்கிறதோ அது என்னவென்று தெரியாமலே பதின்மூன்று பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். இதில் கெட்டவன் என்று ஒருவனைப் பிடிக்க முயன்றால், இரண்டு பஸ் மாறினாலும் முடியாது.

சனிக்கிழமை காலை முதலாளி மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். வாய் திறக்கவில்லை.

சண்முகசுந்தரம் சிவப்புப் பேனாவை எடுத்து முதல் தாளில் விரலை ஓட்டினார். "அப்பா… நானு… வள்ளி… தம்பிங்க… மாப்பிள்ள… செல்லப்பன்…" விரல் அடிக்கு வந்து, மறுபடி மேலே போய், இறங்கியது. "எங்க அவன் பேரு?"

ஸ்டெல்லா ஜன்னலைப் பார்த்தாள்.

"விட்டுப்போச்சா? சரியா பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன் மொதலாளி."

"அவனால முடியாதா அப்போ?"

அவள் இரண்டாவது தாளை ஒரு அங்குலம் அவர் பக்கம் நகர்த்தினாள். போகிக் காலை, பாகூர், பெரியவர்.

"அப்பாவா?" என்றார். தன் பெயர் பட்டியலில் இருந்தாலும், சண்முகசுந்தரம் இதுவரை அதில் உள்ளே போனது கிடையாது. அப்பா பெயரில்தான் போவார். அந்தக் கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். காலமான பிறகும் வாரத்துக்கு மூன்று நாள் பெரியவர் கடைக்கு வந்துபோவது இப்படித்தான்.

"போகிக்கு அங்க போனேன். பழைய சாக்கு, கிழிஞ்ச தார்ப்பாயெல்லாம் அய்யனார வெளிய எடுத்துப் போடச் சொன்னேன்" என்று சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். "அப்பிடியே கம்ப்யூட்டர்ல ஒக்காந்தேன். 'சென்ற ஆண்டு'ன்னு ஒரு மூட்டையா காட்டிச்சு. பழசு எதுக்கு, போகியும் அதுவுமா இதுவும் கழியட்டுமேன்னு… 'நிச்சயமா?'ன்னு கேட்டுச்சு ஸ்டெல்லாம்மா. எங்கிட்ட போய் நிச்சயமான்னு கேக்குதேன்னு கோவத்துல ஆமான்னு தட்டுனேன்."

"ஏதோ திரையிலேர்ந்துதான் போவுதுன்னு நெனச்சிருப்பீங்க."

"ஆமா. திரையிலேர்ந்து." அவள் கொடுத்த அந்தச் சின்னக் கைத்தாங்கலை அவர் நன்றியோடு பிடித்துக்கொண்டார். சிவப்புப் பேனாவை மூடினார். "அய்யனாரு அங்கியே இருக்கட்டும். எல்லார்கிட்டேர்ந்தும் அந்தப் பவர எடுத்துரு. எங்கிட்டேர்ந்தும்."

"பெரியவர் பேரு?"

"எடுக்குறதா? அப்பா பேரயா?" அவர் முகம் சுருங்கியது.

"பேரு இருக்கட்டும் மொதலாளி. உள்ள வர முடியாத மாதிரி பூட்டிடலாம்."

யோசித்தார். "பூட்டு," என்றார். "அப்பறம் ஒண்ணு. எல்லார் பேரையும் வரிசையா எழுதி, இவங்க பவர் வாபஸ்னு நம்ம கம்பெனி வாட்ஸப் குரூப்ல போடு. என் பேரு மொதல்ல இருக்கட்டும். ஒருத்தர் பேர விட்டாலும், எனக்கு மட்டும் ஏன் எடுத்தீங்கன்னு மாப்பிள்ள சண்டைக்கு வருவாரு."

அன்று மாலை நான்கு மணிக்கு ஸ்டெல்லா பதின்மூன்று பேரிடமிருந்தும் வரிசையாகத் திரும்ப வாங்கினாள். கனடாக்காரனையும் 'டெஸ்ட்'டையும் அடியோடு எடுத்துவிட்டாள். எதையும் அழிக்கவல்லது இனி அவளுடைய பெரிய பெயர் ஒன்றுதான். யாராவது ஒருவர் வைத்திருந்துதான் ஆக வேண்டும். அறிவிப்பைத் தட்டச்சு செய்து, கணக்குத் தப்பில்லையே என்று பார்க்க அய்யனாருக்கு மட்டும் முதலில் அனுப்பினாள். உனக்கு வேலை இருக்கிறது என்ற செய்தியும் அதில் இருந்தது.

உடனே போன் வந்தது. நன்றி சொல்வான் என்று எடுத்தாள்.

"யக்கா, இதுல எம் பேரு இல்லியே."

"ஒனக்கு இருந்தாதானடா எடுக்குறதுக்கு!"

"செல்லப்பன் பேரு போட்டிருக்குது. மாப்பிள்ள பேரு போட்டிருக்குது. இந்தக் குரூப்புல எல்லாரும் பாப்பாங்க. எம் பேரு மட்டும் இல்லன்னா, இவன்கிட்ட எடுக்குறதுக்குக் கூட ஒண்ணும் இல்லியான்னு கேக்க மாட்டாங்களா? எங்கிட்டேர்ந்தும் எடுத்துட்டேன்னு ஒரு வரி போடு."

"பொய் எழுத மாட்டேன்."

"அப்போ நெஜமாவே எடு."

சும்மா அவனைச் சமாதானப்படுத்த, அவன் பெயருக்கும் அந்தக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தாள். இவருக்கு அப்படி ஒரு அதிகாரம் வழங்கப்படவே இல்லை என்று இயந்திரம் மறுத்தது. அதைப் போனில் படித்துக் காட்டினாள்.

மறுமுனையில் விதை மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ குடுத்துட்டு எடு யக்கா."

யாருக்கும் தேவைக்கு மேல் ஒரு துளி அதிகாரம் தரக் கூடாது என்பதை அன்றுதான் பதின்மூன்று முறை நிறைவேற்றியிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு சாப்பாட்டுக் கூடையிலிருந்து பாலித்தீன் பையைப் பிரித்து, நகல் ஒன்று எடுத்து, அது முடியும்வரை காத்திருந்தாள். முடிந்ததும் அடித்தாள். அய்யனாருக்கு, முழுசாக.

"வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாடா."

விசைகள் தட்டும் ஓசை கேட்டது. அப்புறம் அவன் குரல், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கண்டவன் குரல்.

"வந்துடுச்சுக்கா! செவப்பா ஒரு பட்டன்."

"தொடாத."

"தொடல. கைய பின்னாடி கட்டிக்கினுதான் நிக்கிறேன்."

"பாத்துட்டியா?"

"இரு யக்கா. பாத்துக்கினு இருக்கேன்." மூச்சு விடும் சத்தம் வந்தது. "நவர, சம்பா, சொர்ணவாரி எல்லாம் இதுக்குள்ளதான இருக்குது? மகாலட்சுமி அம்மா, நம்ம ஏரிக்கர ஆளுங்க, எல்லாரும்?"

"எல்லாரும்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு அவன் பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"எடுத்துரு யக்கா. பயமா இருக்குது."

இந்த முறை இயந்திரம் மறுக்கவில்லை. ஸ்டெல்லா அறிவிப்பைத் திறந்து, மாப்பிள்ளைக்கும் செல்லப்பனுக்கும் நடுவில் இடம் விட்டு, அய்யனார், பாகூர் என்று அடித்துக் குரூப்பில் போட்டாள்.